காற்றுக் குடித்த சுவர்

சுண்ணாம்புத் தண்ணீர் செய்வது சுலபம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பில் கொட்டைப்பாக்கு அளவு எடுத்து ஒரு செம்புத் தண்ணீரில் கரைத்து, மறுநாள் வரை தொடாமல் வைத்துவிட வேண்டும். மேலே தெளிந்து நிற்பதை ஆடாமல் அசையாமல் கண்ணாடி டம்ளரில் இறுத்தால் பார்ப்பதற்குக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். பப்பாளி இலைக் காம்பை உள்ளே விட்டு மெதுவாக ஊதினால், எண்ணி இருபது மூச்சுக்குள் தண்ணீர் பாலாக வெளுத்துவிடும். மதுரையில் ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் இதைச் செய்துகாட்டியவள் நான். நடுவில் ஒரு ஐந்து வருடம் மட்டும், தலைவலி என்று சொல்லி, அந்தப் பாடத்தைத் தையல் டீச்சரிடம் தள்ளிவிட்டேன். அவரும் பாவம், எதையோ ஊதிக்காட்டி ஒப்பேற்றினார்.

அந்த வெள்ளை எது என்று பிள்ளைகளைக் கேட்பேன். எச்சில் என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். எச்சில் இல்லை, கல் என்பேன். நம் மூச்சில் கரியமிலவாயு இருக்கிறது. சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொண்டு பொடிப்பொடியான கல்லாகிறது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு ஒன்றும் செய்யாமல் கிடக்கிற வாயு. மிச்சத்தில் பெரும்பங்கு பிராணவாயு. கரியமிலவாயு பத்தாயிரத்தில் மூன்று பங்கு. குழம்புக்குப் போடுகிற உப்பு அளவுகூட இல்லை. ஆனால் அந்தச் சிட்டிகையைத் தின்றுதான் நெல்லும் சோளமும் முருங்கையும் வளர்கின்றன. அதைக் கடல் வாங்கி வைத்துக்கொண்டதுதான் சுண்ணாம்புக்கல். அதுவும் நீராவியும் மேலே போர்வையாகக் கிடப்பதால்தான் சூரியன் இறங்கிய பிறகும் இந்தப் பூமி சில்லிட்டுச் சாகாமல் இருக்கிறது. கூடினால் ஒரு கேடு, குறைந்தால் ஒரு கேடு. இம்புட்டும் எனக்கு மனப்பாடம்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் என் வீட்டுக்காரர் சாவுக்குக் காரணம். இதைப் பல வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அதைவிட என்னை அரித்த சந்தேகம் இன்னொன்று இருந்தது. அவராகத்தான் போனாரா என்பது அந்தச் சந்தேகம்.

அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. சாந்தமான மனிதர். இழுப்பு நோய் உண்டு. சிம்மக்கல்லில், தவச தானியக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். பகலெல்லாம் மூட்டை தட்டுகிற தூசி, ராத்திரியெல்லாம் வைகைப் பக்கத்து ஈரம். ஐப்பசி பிறந்தால் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கும்; தை முடிகிறவரை உட்கார்ந்தபடியேதான் தூக்கம். காற்றோட்டமான இடத்துக்குப் போனாலொழிய மருந்து கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காளவாசலில் அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் புன்செய் இருந்தது. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பஸ்ஸும் கடையும்தான் ஞாபகம் வரும். காளவாய் என்றால் சூளை; அன்றைக்கு அது பெயருக்கேற்ற இடம். சுண்ணாம்புச் சூளைகளும் செங்கல் சூளைகளும், மேற்கே வயலும் பாறைக் கரடும்தான். நிலத்தின் ஒரு மூலையில் பழைய வீடு. அதில் என் மாமியார் தனியாக இருந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிடு தூரத்தில் புது வீடு கட்டத் தொடங்கினோம். வீட்டைக் கட்டிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்? வைகாசியில் தொடங்கிய வேலை கார்த்திகை வரை இழுத்தது.

சுண்ணாம்பு எதிர்ச் சூளையிலிருந்து வந்தது. சூளைக்காரர் ஒரு ராவுத்தர். எல்லோரும் பாய் என்போம். அவர் ஆட்கள் குளிர்காலத்தில் சூளைச் சூட்டுக்குப் பக்கத்தில் படுப்பார்கள். ஆனால் காற்று வருகிற பக்கம்தான் படுப்பார்கள், காற்று போகிற பக்கம் யாரும் போகமாட்டார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டி நின்ற இடத்திலேயே சுருண்டு செத்ததாம். அது சைத்தான் காத்து என்றார் பாய். நான் சிரித்துக்கொண்டு, கல்லிலிருந்து பிரிகிற கரியமிலவாயு கனமானது, பள்ளத்தில் தங்கும், சைத்தானுக்கு அங்கே வேலையில்லை என்று விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். படித்த திமிரில் பேசினேன் என்பது இப்போது தெரிகிறது.

கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சாந்து. கொத்தனார் அதை மூன்று பூச்சுப் பூசி, முட்டை ஓட்டைப் போலத் தேய்த்து எடுத்தார். பூசி முடிந்ததும் சொன்னார்:

"சுவரு காத்துக் குடிக்கணும் டீச்சரம்மா. மழக் காலத்துல மெதுவாத்தேன் குடிக்கும். தைக்கு மேல பால் காச்சுங்க."

கார்த்திகைக் கடைசியில் ஒரு முகூர்த்தம் இருந்தது. அதை விட்டால் மார்கழி. மார்கழியில் யாரும் குடிபோக மாட்டார்கள். தைக்குப் போனால் அவர் இன்னொரு பனிக்காலத்தை அந்தச் சந்தில் கழிக்க வேண்டும். எனக்கு அதைச் சகிக்க முடியாது என்று பட்டது. அவர் நன்மைக்காக என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். பாதி நிஜம்.

டிரெய்னிங் ஸ்கூலில் படித்த ஒரு புத்தகத்தில், குளிர் நாடுகளில் புது வீட்டு அறைகளுக்குள் கரிச்சட்டி வைத்து மூடுவார்கள் என்று இருந்தது. சூட்டில் ஈரம் போகும்; கரியிலிருந்து வரும் வாயுவைக் குடித்துச் சுவர் சீக்கிரம் கல்லாகும். மற்ற அறைகளுக்கு நாள் இருந்தது. அவர் படுக்கப்போகிற நடு அறைதான் முக்கியம். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்து, இரண்டு இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, கதவை மூடச் சொன்னேன். காலையில் கொத்தனார் பற்றவைப்பார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் போய்த் திறந்துவிடுவேன். முதல் நாள் சாயங்காலமே சுவர் ஒரு சுற்று வெளுத்திருந்தது. கொத்தனார் விரலால் சுண்டிப் பார்த்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவரிடம் பெருமையாக விளக்கினேன். படம்கூடப் போட்டுக்காட்டினேன். மூடிய அறையில் கரி அரைகுறையாக எரிந்தால் இன்னொரு வாயுவும் வரும், அதற்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை, ஆளைச் சாய்த்துவிடும் என்று எச்சரித்தேன். கதவு திறந்திருந்தால் பயமில்லை; மூடியிருக்கும்போது மட்டும் உள்ளே போகக் கூடாது. அவர் கவனமாகக் கேட்டார். நாலாம் பாரத்தில் பாஸா என்று கேட்டார். பாஸ் என்றேன்.

மூன்றாம் நாள் காலை. முந்தின ராத்திரி அவருக்கு ரொம்ப இழுப்பு. விடிந்ததும், வீட்டுக்கு என்ன அவசரம், கொத்தனார் சொல்கிறபடி தைக்குப் போவோமே என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இவ்வளவு மெனக்கெட்டது யாருக்காக என்று ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் கடைசியில் இதைச் சொன்னேன்:

"ஒங்க மூச்சுச் சத்தத்துல நான் தூங்கி ரெண்டு மாசமாச்சு. எனக்கும் மூச்சு முட்டுது."

அவர் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்குப் போனார். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப விழுங்க முடியுமானால் நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். இன்றைக்கும் கொடுப்பேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பூச்சு வேலை ஓடாதென்று கொத்தனார் கிளம்பிவிட்டார். இழுப்புத் தாங்காமல் இவர் கச்சேரியில் அரை நாள் லீவு சொல்லி, ஜட்கா வண்டி பிடித்துக் காளவாசலுக்குப் போயிருக்கிறார். ஏன் சிம்மக்கல்லுக்கு வராமல் அங்கே போனார் என்பதற்கு எனக்கு ஒரே பதில்தான் தோன்றியது. என் காதில் அந்தச் சத்தம் விழாத இடமாகப் போனார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். முன்னறையில் அத்தை வீட்டுத் தூக்குவாளி, மூடி திறக்காமல் இருந்தது. பக்கத்தில் அவர் செருப்பு. நடு அறைக் கதவு சாத்தியிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சாக்கைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். கதவு நிலைக்குப் பக்கத்தில், வாசல் பக்கம் தலை வைத்து, கோணியை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். இழுப்புச் சத்தம் இல்லை. முகம் சிவந்து, கன்னத்தில் ரத்தம் ஓடி, கல்யாணத்தன்றுகூட அவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. அந்தச் சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்த இன்னொரு வாயு ரத்தத்தில் ஏறினால் முகம் அப்படிச் சிவக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது.

அடுத்து நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். இரண்டு கரிச்சட்டியையும் கொல்லைக்குத் தூக்கிப்போய், மழைத் தண்ணீரை மொண்டு ஊற்றி, மணல் குவியலுக்குப் பின்னால் கவிழ்த்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

இழுப்புக்காரர், மழையில் நனைந்தார், போய்விட்டார் என்று ஊர் ஏற்றுக்கொண்டது. கொத்தனார் மறுநாள் கொல்லைப்பக்கம் போய்ச் சட்டிகளைப் பார்த்திருக்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிடாமலே போனார். பிறகு எதிரே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். என் கணக்கில் ஒருவர்தான். ஆனால் நான் பாடம் நடத்திப் பாஸ் போட்ட ஒருவர்.

அங்கேதான் சந்தேகம் பிடித்தது. கதவு திறந்திருந்தால் பயமில்லை என்று அவருக்குத் தெரியும். இழுப்புக்காரர்கள் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவும் மாட்டார்கள். சிம்மக்கல்லில் மார்கழிப் பனியிலும் எங்கள் கதவு திறந்தே கிடக்கும். அப்படிப்பட்டவர் அந்த அறைக்குள், அந்தச் சட்டிகளோடு, கதவை ஏன் சாத்தினார்? காலையில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சாத்தினாரா? சோறுகூடத் திறக்கவில்லையே. தாயார் வீட்டுக்குப் போய்ச் சோறு வாங்கி வந்தவர் சாப்பிடாமல் ஏன் படுத்தார்? அத்தையிடம் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் பேச்சு கதவுக்குப் போகும், கதவிலிருந்து கரிச்சட்டிக்குப் போகும். ஊமை கண்ட கனவாக உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

சிம்மக்கல் வீட்டைக் காலி செய்துவிட்டு அத்தையோடு பழைய வீட்டில் போய் இருந்தேன். என் மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை முழுவதையும் அவர் தன் மேல் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குக் காரணம் ஒரு பூசணிக்காய். புது வீட்டு முகப்பில் கண்ணேறுக்குக் கட்டியிருந்த வெள்ளைப் பூசணி மழையில் அழுகிச் சொட்டியதென்று, என் வீட்டுக்காரர் போவதற்கு முந்தின நாள் அத்தை அதை அவிழ்த்துவிட்டார். மறுநாள் வேறு கட்டலாம் என்றிருந்தார். காவல் இல்லாத ஒரு நாளில் வீடு தன் பலியை எடுத்துக்கொண்டது என்பது அவர் முடிவு. ஊரும் அதையே நம்பியது. அமாவாசைக்கு அமாவாசை புதுப் பூசணி வாங்கி, தலையில் வைத்துச் சுமந்து போய், ஆளில்லாத அந்த வீட்டுக்குக் கட்டிவிட்டு வருவார். அன்றைக்கு முழுப் பட்டினி. ஒரு அமாவாசை தவறியதில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குற்றத்தை ஒரு கிழவி தலையில் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்று தொடங்கினால் அந்த வீட்டிலிருந்து சத்தம் வரும். நீளமாக இழுத்து, விட்டு, மறுபடி இழுக்கும். அவர் மூச்சேதான். சூளை ஆட்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். மேல்காற்று அடிக்கும்போது சரியாக மூடாத ஜன்னல் பலகை இடுக்கில் அப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் போய்ப் பலகையைச் சரியாகச் சாத்திவிட்டு வந்திருக்கலாம். ஐந்து ஆடி போயிற்று, நான் சாத்தவில்லை. சாத்திவிட்டால் அதுவும் நின்றுவிடுமே.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகப் போவேன். வீட்டிலேயே நடு அறைச் சுவர்தான் நன்றாக இறுகியிருந்தது. நகம் பதியாது. சங்கைப் போல வெள்ளை. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகளுக்கு நான் சொன்னது சத்தியமென்றால், அன்று அந்த அறையில் விட்ட மூச்சையெல்லாம் இந்தச் சுவர் குடித்திருக்கிறது. அவர் நெஞ்சிலிருந்து வந்தது கல்லாகி இங்கேயே இருக்கிறது. கரியிலிருந்து வந்ததும் இங்கேயே இருக்கிறது. எது அவர் மூச்சு, எது அவரைக் கொன்ற கரியின் மூச்சு என்று பிரித்துச் சொல்ல எந்த ரசாயனமும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் கையை எடுக்க மனம் வராது.

யுத்தம் வந்தது. ரங்கூனிலிருந்து காட்டு வழியே நடந்து தப்பி வந்த குடும்பங்கள் மதுரைப் பக்கமும் வந்தன. அப்படி ஒரு குடும்பம், புருஷன் பெண்சாதியும் மூன்று சின்னப் பிள்ளைகளும், பாயின் சூளைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் கிடந்தது. பங்குனி வெயில். பகலில் தரை கொதிக்கும். விடிகாலையில் பிள்ளைகள் குளிரில் சுருண்டு கிடப்பார்கள். மேகமில்லாத வறண்ட வானம் பகல் சூட்டைப் பிடித்துவைக்காது. பாய் வந்து அத்தையிடம், பூட்டிக் கிடக்கிற வீடுதானே, மழைக்காலம் வரைக்கும் அதுக இருந்துட்டுப் போகட்டுமே ஆத்தா என்று கேட்டார். அத்தை முடியாதென்று சொல்லிவிட்டார். பச்சைப் பிள்ளைகளை அந்த வீட்டுக்குப் பலி கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாராம். பாய் எனக்கு அதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த மாத அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயிலில் பூசணியோடு போன அத்தை திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். புது வீட்டுப் படியில் சாய்ந்து கிடந்தார். பூசணி கைதவறிக் கீழே உடைந்து கிடந்தது. தண்ணீர் தெளித்து உட்காரவைத்தேன். கண்ணைத் திறந்ததும் உடைந்த காயைப் பார்த்து அழுதார். அது அந்தப் பிள்ளைகளைக் கேட்கிறது தாயி என்றார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். வீடு யாரையும் கேட்கவில்லை அத்தை, பூசணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்து, கார்த்திகை முகூர்த்தம், சுவர், கரிச்சட்டி, கொல்லையில் நான் கவிழ்த்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். மூடின அறையில் கரி எரிந்தால் காற்றில் இருக்க வேண்டியது குறைந்து, இருக்கக் கூடாதது கூடிவிடும். மூச்சு விடுகிறவனுக்கே தெரியாமல் தூக்கத்திலேயே உயிர் போகும். கொன்றது நான்தான், நீங்கள் இல்லை என்றேன். என்னை அடிப்பார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மூடுன அறையிலன்னா?"

"ஆமா அத்த."

"அவன் மூடல தாயி. கதவத் தொறந்துபோட்டுத்தேன் படுத்திருந்தான். வண்டி வந்து நின்னதப் பாத்துட்டு நான் சோறு கொண்டாந்தேன். இழுப்பே இல்லாம புள்ளையாட்டம் தூங்குனான். எத்தன நாள் தூங்காத புள்ள, எழுப்ப மனசு வரல. முன்வாசல் வழியாச் சாரல் மூஞ்சில அடிச்சுச்சு. நான்தேன் சத்தங்காட்டாமக் கதவச் சாத்திட்டுப் போனேன்."

முதலில் எனக்குள் வந்தது என்ன என்று உள்ளபடி எழுதுகிறேன். சந்தோஷம். அவர் சாத்தவில்லை. மழையில் சூடு தேடி அந்த அறைக்குப் போனவர், நான் சொன்ன பாடத்தைக் கேட்டு, கதவைத் திறந்துவைத்து, வாசல் பக்கம் தலை வைத்துத்தான் படுத்திருக்கிறார். என் வார்த்தை அவரைக் கொல்லவில்லை. என்னை வெறுத்துப் போகவில்லை. ஐந்து வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி, ஒரு முழு மூச்சு உள்ளே போயிற்று.

அந்த மூச்சை விடும்போதுதான் அத்தை முகத்தைப் பார்த்தேன். அவர் கதவுப் பக்கம் திரும்பியிருந்தார். அவர் வலதுகை தானாக மேலே வந்து, எதையோ மெல்லத் தள்ளிச் சாத்துவது போலக் காற்றில் நின்றது. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூசணியை அவிழ்த்த குற்றத்திலிருந்து அவரை மீட்கிறேன் என்று வந்து, மகனைத் தன் கையாலேயே மூடியவர் ஆக்கிவிட்டேன். விஞ்ஞானம் சொல்லி ஆக்கிவிட்டேன். பூசணிக்காவது அமாவாசை என்று ஒரு பரிகாரம் இருந்தது.

"கதவு தொறந்தே கெடந்திருந்தா?" என்று கேட்டார்.

நான் என் வாழ்நாளில் வகுப்பில் பொய் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன்.

"தொறந்திருந்தாலும் அதேதான் அத்த. அந்த வாயுவுக்குக் கதவு ஒண்ணும் கணக்கில்ல. நீங்க வாரதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"நெசமாவா?"

"நெசமா."

அத்தை தலையை ஆட்டினார். கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்துவந்தார். அன்றைக்கு அமாவாசைப் பட்டினியை விட்டு, நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். நம்பிவிட்டார் என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கினேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

காலையில் எழுந்தபோது கொல்லையில் கோடாலிச் சத்தம். நான் போனபோது சூளை ஆள் ஒருவன் கோடாலியோடு கிளம்பிக்கொண்டிருந்தான். வெந்நீர் அடுப்பின் முன் அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிளந்த பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். தேக்குப் பலகை. ஒன்றில் பித்தளைக் குமிழ் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நடு அறைக் கதவு. அடுப்பு நன்றாகக் காற்று வாங்கி எரிந்தது, புகைகூட இல்லை. அந்தப் பக்கம் புது வீட்டு வாசலில், ரங்கூன்காரப் பெண்சாதி துணிமூட்டையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சின்னப் புள்ளைக படுக்குற எடம். கதவு வேணாம்" என்றார்.

பிறகு கடைசிப் பலகையையும் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னார்:

"வெந்நி காஞ்சிருச்சு. குளிச்சிட்டுப் பள்ளிக்கொடத்துக்குக் கெளம்பு தாயி."